கொழும்பில பருந்துக்கூடு கண்காணிக்கப் போறீங்களா? முதல்ல இத வாசிச்சிட்டு வெளிக்கிடுங்கோ

நகரத்துக்குள்ள கூடு கட்டுற பருந்து, கழுகு எல்லாம் குஞ்சு வளர்த்து பறக்க விடுதா இல்லையா எண்டு எப்படிப் பார்க்கிறது எண்டு தேடினீங்கள் எண்டால் வாறதெல்லாம் ஒஸ்பிரே எண்ட மீன் பிடிக்கிற பருந்து பற்றின விஷயம்தான். அமெரிக்காவில லைட் போஸ்ட்டுலயும் போன் டவர்லயும் ஒஸ்பிரே கூடு கட்டும், தன்னார்வ ஆக்கள் போய் கீழ நிண்டு பார்த்து எழுதுவினம், அவ்வளவுதான். முறை நல்ல முறை, ஆனா அத அப்படியே தூக்கிக்கொண்டு கொழும்பில இறங்கினா முதல் நாளே செக்யூரிட்டிகாரர் வந்து "இங்க என்ன பார்க்கிறீங்க" எண்டு கேட்பார். நானும் அலைஞ்சு திரிஞ்சுதான் எந்த லெட்டர் எங்க குடுக்கணும், எந்த மாசம் என்ன பார்க்கணும் எண்டு ஒரு ஒழுங்குக்கு வந்தன். புதுசா வாற ஆக்களுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை, அதுதான் வரிசையா எழுதுறன்.

1. எந்தப் பறவை எண்டு முதல்ல முடிவெடுங்கோ

ஒஸ்பிரேயை தமிழ்ல விரால் அடிப்பான் எண்டு சொல்லுவம். அது எங்கட நாட்டுக்கு குளிர்காலத்துக்கு வாற விருந்தாளி. தியவன்னா பக்கமோ முத்துராஜவெலயிலயோ அதிர்ஷ்டம் இருந்தா காணலாம், தண்ணிக்குள்ள காலை நீட்டிப் பாய்ஞ்சு மீனைத் தூக்கிறதைப் பார்த்தா அண்டைக்கு முழுக்க அதே நினைப்புத்தான். ஆனா இங்க அது கூடு கட்டுறதில்லை. அதால "கொழும்பில ஒஸ்பிரே கூடு கண்டனான்" எண்டு எழுதிப் போடாதைங்கோ, நீங்கள் கண்டது அனேகமா வேற ஒண்டு.

கொழும்பில நீங்கள் பின்தொடரக்கூடியது ரெண்டு. ஒண்டு செம்பருந்து, வீட்டில பெரியாக்கள் கருடன் எண்டு சொல்லி கன்னத்தில போட்டுக்கொள்ளுற அதே பறவைதான். வெள்ளைத் தலை, வெள்ளை நெஞ்சு, மிச்சமெல்லாம் செங்கல் நிறம், பார்த்த உடனே தெரியும். மற்றது வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு, நல்ல பெரிசு, செட்டையை விரிச்சா 2 மீட்டர் கிட்ட வரும், உயரமான மரத்திலயும் சில நேரம் இரும்பு டவர்லயும் கட்டும். புது ஆக்கள் செம்பருந்தோட தொடங்குங்கோ. வல்லூறும் நகரத்துக்குள்ள கூடு கட்டும்தான், ஆனா சின்னப் பறவை, இலைக்குள்ள ஒளிச்சுக் கட்டும், முதல் வருஷத்தில அதுக்குப் பின்னால திரிஞ்சா கழுத்து நோகுறதுதான் மிச்சம்.

இதில ஒரு பொறி இருக்கு. செம்பருந்தின்ட இளசு மண்ணிறமா இருக்கும், வெள்ளைத் தலை வராது, அத கரும்பருந்து எண்டு நிறைய பேர் எழுதிப் போடுவினம். வாலைப் பாருங்கோ. நுனி வட்டமா இருந்தா செம்பருந்து, நடுவில வெட்டின மாதிரி கவர்ப்பட்டு இருந்தா கரும்பருந்து. கரும்பருந்து யாழ்ப்பாணம், மன்னார் பக்கம்தான் சாதாரணம், கொழும்பில கண்டதா எழுதுறதுக்கு முன்னம் ரெண்டு தரம் யோசியுங்கோ. இன்னொண்டு, செம்பருந்தில ஆண் எது பெண் எது எண்டு தூரத்தில நிண்டு சொல்லேலாது, அதால நோட்டில "அம்மா வந்தா, அப்பா போனார்" எண்டு எழுதாதைங்கோ, "பெரிய பறவை 1, பெரிய பறவை 2" போதும்.

2. மாசக் கணக்கை போட்டு வையுங்கோ

தெற்காசியாவில செம்பருந்து கூடு கட்டுற காலம் டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும். வழமையா 2 முட்டை இடும். அடை காக்கிறது 26, 27 நாள். குஞ்சு பொரிச்சு பறக்கிறதுக்கு 40 நாள்ல இருந்து 56 நாள் வரைக்கும் எடுக்கும். ஒஸ்பிரேக்கு இது கூட, அடைகாக்கவே 5, 6 கிழமை போகும், அதால அங்கத்தைய அட்டவணையை கொப்பி அடிச்சா உங்கட தேதி எல்லாம் பிந்திப்போகும், நீங்கள் போகேக்க கூடு வெறுமையா இருக்கும், பறந்துட்டுதா செத்துட்டுதா எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கடற்கழுகு எண்டா இன்னும் நீளம், அடைகாக்க 6 கிழமை, பிறகு பறக்க 70, 80 நாள்.

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுறன். ஜனவரி 5ஆம் திகதி பறவை கூட்டுக்குள்ள பதுங்கி இருக்கத் தொடங்கினதை நீங்கள் கண்டா, ஜனவரி 31 அல்லது பெப்ரவரி 1 அளவில குஞ்சு பொரிக்கும். அதுக்கு மேல 40 நாள் கூட்டினா மார்ச் 12 அளவில முதல் பறப்பு, 56 நாள் எண்டா மார்ச் 28. உங்கட மிச்ச வேலை எல்லாம் இந்தக் கணக்கில இருந்துதான் வரும், அதால முதல் தரம் பதுங்கி இருக்கிறதைக் காணுற நாளை தவற விடாதைங்கோ. டிசம்பர் கடைசியில இருந்து கிழமைக்கு ஒருக்கா போனா போதும்.

மார்ச் ஏப்ரல்ல பின்னேரம் இடி மழை, அதால காலமை வேலையா வையுங்கோ. ஏப்ரல் 13, 14 புத்தாண்டுக்கு சீனவெடி சத்தம், அந்த ரெண்டு நாளும் பறவை எப்படி நடக்குது எண்டு எழுதுறது நல்லதுதான், ஆனா அதை சாதாரண நாள் கணக்கில சேர்க்காதைங்கோ. அந்தக் கிழமை ஒரு ஒஃபிஸ்லயும் ஒரு வேலையும் நடக்காது எண்டதையும் நினைவில வையுங்கோ.

3. கூட்டைத் தேடுறது

மரம் மரமா அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரியாதைங்கோ, பறவைக்குப் பின்னால போங்கோ. காலமை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில குச்சி தூக்கிக்கொண்டு போற செம்பருந்து, இல்லாட்டி மீனைக் காலில பிடிச்சபடி எங்கயும் இருந்து சாப்பிடாம நேரா ஒரே திசைக்குப் போற செம்பருந்து, இதுதான் உங்களுக்கு வழிகாட்டி. மட்டக்குளி, காக்கைத்தீவு, களனி ஆறு கடல்ல விழுற முகத்துவாரம், பேலியகொட மீன் சந்தைப் பக்கம், பேர வாவி, தியவன்னா ஓயா, தலங்கம குளம், பெல்லன்வில அத்திடிய, இந்த இடங்கள்ல நிண்டு பார்த்தா போதும். 2018இல கொழும்புக்கு ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச ஒப்பந்தம்) ஈரநில நகரம் எண்ட அங்கீகாரம் கிடைச்சது சும்மா இல்லை, வெள்ளவத்தை தெஹிவளை வாய்க்கால் பக்கம் பஸ்ஸுக்கு நிண்டாக்கூட தலைக்கு மேல ஒண்டு போகும்.

காகம் கூட்டமா ஒரு மரத்தைச் சுத்தி சத்தம் போட்டா நிண்டு பாருங்கோ, பல நேரம் அதுக்குள்ள பருந்து இருக்கும். கூடு குச்சியால கட்டின பெரிய தட்டு மாதிரி, பெரிய மரத்துக் கவட்டிலயோ தென்னையிலயோ இருக்கும், உள்ளுக்கு இலை, பழந்துணி, கடதாசி எண்டு கண்டதெல்லாம் போட்டிருக்கும். மீன்பிடி நைலோன் நூலோ பிளாஸ்டிக் கயிறோ தொங்கினா கட்டாயம் எழுதுங்கோ, அமெரிக்காவில வைக்கோல் கட்டுற கயிறு காலில சுத்தி ஒஸ்பிரே குஞ்சுகள் சாகிறது பெரிய பிரச்சினை, இங்கயும் அதைக் கவனிக்க வேணும்.

ஒரே சோடி வருஷா வருஷம் அதே பக்கத்துக்கு வரும், ஆனா அதே கூட்டுக்கு வரவேணும் எண்டில்லை. போன வருஷக் கூடு வெறுமையா இருந்தா "தோல்வி" எண்டு எழுதாதைங்கோ, சுத்தி ஒரு 200, 300 மீட்டர் நடந்து பாருங்கோ, பக்கத்து மரத்தில புதுசு கட்டியிருக்கும். புதுசா வாற ஆக்கள் பிழைக்கிறது அனேகமா இங்கதான்.

4. கடுதாசி வேலை

இதுதான் என்ர உயிரை எடுத்த பகுதி, அதால விரிவா சொல்லுறன்.

ரோட்டில, பார்க்கில நிண்டு பைனோகுலரால பார்க்கிறதுக்கு தனி அனுமதி எடுக்கத் தேவையில்லை. ஆனா அடையாள அட்டையும் நீங்கள் ஆர், என்ன செய்யுறீங்கள் எண்டு சொல்லுற ஒரு பக்க லெட்டரும் கையில இருக்கவேணும். அந்த லெட்டர் ஒரு நிறுவனத்தின்ட தலைப்புத் தாளில இருந்தா பாதிப் பிரச்சினை அங்கயே முடியும். கொழும்பு பல்கலைக்கழகத்தோட சேர்ந்து இயங்குற இலங்கை களப் பறவையியல் குழு, எல்லாரும் எஃப்ஓஜிஎஸ்எல் எண்டு சொல்லுறது, அந்தச் சங்கத்தில சேருங்கோ. தனியா திரியுறதை விட அங்க நாலு அனுபவசாலிகளைத் தெரிஞ்சு வைக்கிறது எந்த லென்சையும் விடப் பெறுமதி. மாணவர் எண்டா துறைத் தலைவரிட்ட லெட்டர் கேளுங்கோ.

தொடர்மாடி மொட்டை மாடியில இருந்து பார்க்க வேணும் எண்டா (கூட்டுக்குள்ள எட்டிப் பார்க்க அதுதான் நல்ல இடம், மரத்துக்கு கீழ நிண்டா குச்சிதான் தெரியும்) அந்தக் கட்டடத்தின்ட மேனேஜ்மென்ட் கோப்பரேஷனுக்கு, அதாவது வீட்டுச் சொந்தக்காரரின்ட நிர்வாகக் கமிட்டிக்கு எழுதவேணும். லெட்டரில இதெல்லாம் இருக்கட்டும்: எந்தத் திகதியில இருந்து எந்தத் திகதி வரைக்கும், கிழமையில எத்தினை தரம், எத்தினை மணிக்கு, எத்தினை பேர், கமரா எந்தப் பக்கம் பார்க்கும், ட்ரோன் பாவிக்க மாட்டம், ஆக்களின்ட வீடு ஜன்னலைப் படம் எடுக்க மாட்டம். ஜன்னல் விஷயத்தை நீங்களாவே சொல்லிப்போடுங்கோ, அவை கேட்கிறதுக்கு முன்னம். அடையாள அட்டை போட்டோ கொப்பி ஒண்டு இணையுங்கோ. ஒரு கட்டடத்தில எனக்கு செக்கிரட்டரி வாயால ஓம் எண்டார், அடுத்த கிழமை போனா வேற ஷிஃப்ட் செக்யூரிட்டி, ஒண்டும் தெரியாது எண்டு கேட்டிலயே நிப்பாட்டிப்போட்டார், செக்கிரட்டரி போனும் எடுக்கேல்லை, அண்டைக்கு குஞ்சு பொரிக்கிற கிழமை. அதால வாய் அனுமதியை நம்பாதைங்கோ. உங்கட லெட்டர் கொப்பியிலயே "அனுமதிக்கப்பட்டது" எண்டு கையெழுத்தும் சீலும் வாங்குங்கோ, ரெண்டு கொப்பி, ஒண்டு செக்யூரிட்டி அறையில ஒட்டச் சொல்லுங்கோ.

மொழி பற்றி. தமிழ்ல எழுதுறது எங்கட உரிமைதான், அதில மாற்றுக்கருத்து இல்லை, ஆனா கேட்டில நிக்கிறவர் வாசிக்கேலாட்டி பறவை உங்களுக்காக காத்திருக்காது. சிங்களத்திலயும் இங்கிலிஷிலயும் ஒரே தாளில மேலயும் கீழயுமா அடிச்சு வையுங்கோ. "உகுஸ்ஸா கூடுவ" (சிங்களத்தில பருந்துக்கூடு) எண்டு சொல்லி படத்தைக் காட்டினா அனேகமான செக்யூரிட்டி அண்ணைமார் சிரிச்சுக்கொண்டு தங்களுக்குத் தெரிஞ்ச கூட்டையும் காட்டித் தருவினம், அப்படியும் நடந்திருக்கு.

வனஜீவராசிகள் திணைக்களத்தின்ட அனுமதி எப்ப வேணும்? கூட்டைத் தொடப் போறீங்கள், மரத்தில ஏறப் போறீங்கள், குஞ்சுக்கு காலில அடையாள வளையம் போடப் போறீங்கள், இறகோ முட்டைக் கோதோ எடுக்கப் போறீங்கள், இல்லாட்டி பெல்லன்வில அத்திடிய, முத்துராஜவெல மாதிரி சரணாலயத்துக்குள்ள ஆராய்ச்சி செய்யப் போறீங்கள் எண்டால் கட்டாயம் வேணும். திணைக்களம் பத்தரமுல்லயில இருக்கு. ஆராய்ச்சித் திட்டம், நிறுவன லெட்டர், அடையாள அட்டை கொப்பி எல்லாம் சேர்த்துக் குடுக்கவேணும். டிசம்பர்ல தொடங்குற வேலைக்கு ஒக்டோபர்ல போய் நிக்காதைங்கோ, ஜூன் ஜூலையிலயே குடுங்கோ, பதிவுத் தபால்ல அனுப்பினா ரசீதை வையுங்கோ. தாவர விலங்கின பாதுகாப்புச் சட்டம் 1937இல இருந்து இருக்கு, பறவை மட்டுமில்லை, முட்டையும் கூடும் அதுக்குள்ள வரும். முதல் வருஷம் தொடாம பார்க்கிற வேலையோட நிண்டாலே உங்களுக்குத் தேவையான எல்லாம் கிடைக்கும், அனுமதியின்ட பின்னால ஓடி சீசனை விடாதைங்கோ.

ட்ரோன் யோசனையை மறந்திடுங்கோ. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின்ட அனுமதி வேணும், கொழும்பில அது லேசில்லை, அதோட பறவை ட்ரோனைக் கண்டா கூட்டை விட்டு எழும்பும், எழும்பின உடனே காகம் முட்டைக்கு வரும்.

துறைமுகம், பாராளுமன்றம், ஆர்மி நேவி முகாம், ரத்மலானை எயார்போட், இதுகளின்ட பக்கம் நீளமான லென்ஸ் தூக்காதைங்கோ. கூடு பாராளுமன்றத்துப் பக்கம் இருந்தா வேற கூடு தேடுங்கோ. எங்களை மாதிரி ஆக்கள் இதில கொஞ்சம் கூடவே கவனமா இருக்கிறது நல்லது, ஏன் எண்டு நான் விளக்கத் தேவையில்லை. கேட்டா அடையாள அட்டை, லெட்டர், கமராவில இருக்கிற படம், இந்த வரிசையில காட்டுங்கோ, வாக்குவாதப்படாதைங்கோ.

5. சாமானும் செலவும்

8×42 பைனோகுலர் (8 மடங்கு பெரிசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர்) ஒண்டு போதும். சுமாரானது எண்டாலும் அஞ்சு இலக்கத்தில போகும், 20× எண்டு கடைக்காரர் பெரிய நம்பர் சொல்லுவார், வாங்காதைங்கோ, கை நடுக்கத்தில ஒண்டும் தெரியாது. ஸ்பொட்டிங் ஸ்கோப் (ஸ்டாண்டில வைச்சு ஒரு கண்ணால பார்க்கிற தொலைநோக்கி) நல்லது, ஆனா விலை ஒரு லட்சத்தைத் தாண்டலாம், முதல் சீசனுக்கு சங்கத்தில ஆரிட்டயும் இரவல் கேளுங்கோ. மிச்சம் எல்லாம் சில்லறைச் செலவு: போட்டோ கொப்பி, தபால், பஸ் காசு, பெத்தகான, தியசரு மாதிரி பார்க்குகளுக்கு டிக்கெட். ஓட்டோவில போய் வந்தா அந்தக் காசிலயே ஒரு பைனோகுலர் வாங்கலாம், அதால வீட்டில இருந்து ஒரே பஸ்ஸில போகக்கூடிய கூட்டைத் தெரிவு செய்யுங்கோ, சீசன் முழுக்க போகவேணுமே.

நோட்டுப் புத்தகமும் பென்சிலும். பேனை மழையில ஓடும். போன்ல எழுதுறன் எண்டு சொல்லுறவை பிறகு போன் மாத்தேக்க எல்லாத்தையும் துலைச்சதைப் பார்த்திருக்கிறன்.

6. பார்க்கிற நாள்

குறைஞ்சது 100 மீட்டர் தள்ளி நில்லுங்கோ, மொட்டை மாடி எண்டா கூட்டுக்கு நேர் எதிர்ல நிக்காம ஓரமா நில்லுங்கோ. அரை மணித்தியாலம் போதும். பறவை உங்களையே பார்த்துக் கத்தினா, இல்லாட்டி எழும்பிச் சுத்தினா நீங்கள் கிட்ட வந்திட்டீங்கள், உடனே பின்னுக்குப் போங்கோ. கொழும்பில வீட்டுக் காகம்தான் பெரிய எதிரி, தாய் ரெண்டு நிமிஷம் விலகினாலும் போதும் அதுக்கு. அதோட நீங்கள் தினமும் ஒரே இடத்தில நிண்டு மேல கை காட்டினா ஊர்ப் பொடியளும் பார்ப்பாங்கள், கல்லெறி தொடங்கும்.

என்ன பார்க்கிறது? ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு அடையாளம் இருக்கு.

பறவை கூட்டுக்குள்ள பதுங்கி தலையோ வாலோ மட்டும் தெரிய அரை மணித்தியாலமும் அசையாம இருந்தா அடைகாக்குது எண்டு எடுக்கலாம். சும்மா கூட்டின்ட விளிம்பில நிக்கிறது அடைகாக்கிறது இல்லை, அத முட்டைக் கணக்கில சேர்க்காதைங்கோ.

பறவை குனிஞ்சு குனிஞ்சு கொத்தி கூட்டுக்குள்ள எதையோ ஊட்டுற மாதிரி செய்தா குஞ்சு பொரிச்சிட்டுது. குஞ்சின்ட தலை இன்னும் தெரியாது, அவசரப்பட்டு எண்ணாதைங்கோ.

மரத்துக்கு கீழ சுண்ணாம்பு ஊத்தின மாதிரி வெள்ளை எச்சம் விழத் தொடங்கினா குஞ்சு வளர்ந்து விளிம்புக்கு வருது. இப்ப எண்ணலாம், ஆனா ஒரே தரத்தில முடிவெடுக்காதைங்கோ, ஒண்டு படுத்திருக்கும், மற்றது மட்டும் தெரியும்.

இப்ப கணக்கெடுக்கிற நாள். ஒஸ்பிரேக்காரர், மற்றப் பருந்து ஆராய்ச்சிக்காரர் கனபேர் பாவிக்கிற ஒரு விதி இருக்கு: குஞ்சு முதல் பறக்கிற வயசின்ட 80 வீதத்தை எட்டினா அந்தக் கூடு வெற்றி எண்டு எடுக்கலாம். செம்பருந்துக்கு 40 நாள் எண்டு வைச்சா 32 நாள். மேல சொன்ன உதாரணத்தில அது மார்ச் 4. ஆக மார்ச் 4க்கும் 12க்கும் இடையில ரெண்டு தரமாவது போகவேணும். அதுக்கு முன்னம் எண்ணினா பிறகு சாகிற குஞ்சையும் சேர்த்து எண்ணுவீங்கள், அதுக்குப் பின்னம் போனா குஞ்சு கிளைக்குப் போயிருக்கும், இலைக்குள்ள தேடிக்கொண்டு நிப்பீங்கள். முழு சீசன்லயும் ஒரு கிழமைக்குத்தான் லீவு எடுக்கலாம் எண்டா இந்தக் கிழமைக்கு எடுங்கோ.

7. எழுதுறது

திகதி, தொடங்கின நேரம், முடிஞ்ச நேரம், வானிலை, கூட்டின்ட இலக்கம், மரம் என்ன, பெரிய பறவை எத்தினை, என்ன செய்தது, குஞ்சு எத்தினை தெரிஞ்சது, என்ன இரை வந்தது, காகம் வந்ததா. போய் ஒண்டும் தெரியாட்டியும் "ஒண்டும் தெரியேல்லை" எண்டு எழுதுங்கோ, ஏன் எண்டு அடுத்த பகுதியில விளங்கும். கண்டதையும் நினைச்சதையும் ஒரே வரியில கலக்காதைங்கோ: "பதுங்கி இருந்தது" எண்டது கண்டது, "முட்டை இருக்கு" எண்டது நினைச்சது.

இபேர்ட்ல (கண்ட பறவைகளைப் பதியுற இணையத்தளம்) போடுறீங்கள் எண்டால் இனப்பெருக்கக் குறியீடுகள் இருக்கு, கூடு கட்டச் சாமான் தூக்குதுக்கு சிஎன், கூட்டில இருக்குதுக்கு ஓஎன், குஞ்சோட கூடுக்கு என்வை, புதுசா பறந்த குஞ்சுக்கு எஃப்எல். அதைப் போட்டா பிறகு ஆராய்ச்சி செய்யுறவைக்கு உதவும். ஆனா கூடு இருக்கிற சரியான இடத்தை புள்ளியா குத்தாதைங்கோ, பக்கத்து பொது ஹொட்ஸ்பொட்டின்ட (அந்தத் தளத்தில எல்லாரும் பதியுற பொது இடம்) பேர்ல போடுங்கோ. முகநூல்ல மரத்தின்ட படத்தை ரோட்டுப் பேரோட போட்டா அடுத்த ஞாயிறு அந்த மரத்துக்கு கீழ பத்து கமரா நிக்கும்.

8. கணக்கு

கூடு இருந்தது, முட்டையிட்டது, குஞ்சு பறந்தது, இது மூண்டும் மூண்டு கணக்கு. 5 கூடு பார்த்தீங்கள், 4இல அடைகாத்தது, 2இல குஞ்சு 32 நாளைத் தாண்டினது, மொத்தம் 3 குஞ்சு எண்டு வைப்பம். அடைகாத்த கூட்டுக்கு 3/4, அதாவது 0.75 குஞ்சு. வெற்றிபெற்ற கூட்டுக்கு 3/2, 1.5 குஞ்சு. ரெண்டும் சரிதான், ஆனா எதைச் சொல்லுறீங்கள் எண்டு சொல்லாம வெறும் "1.5" எண்டு எழுதினா நகரத்தில பருந்து கொழிக்குது எண்டு ஆக்கள் நினைப்பினம்.

இதை விடப் பெரிய பொறி ஒண்டு இருக்கு. நீங்கள் பெப்ரவரியில கண்டுபிடிக்கிற கூடு ஏற்கனவே பாதி ஆபத்தைத் தாண்டின கூடு. ஜனவரியிலயே அழிஞ்ச கூடுகள் உங்கட கண்ணிலயே படாது. அதால வெற்றி வீதம் உண்மையை விடக் கூடிக் காட்டும். இதுக்கு ஹரோல்ட் மேஃபீல்ட் எண்டவர் 1961இல சொன்ன வழி இருக்கு, பள்ளிக்கூடக் கணக்குத்தான். ஒவ்வொரு கூட்டையும் எத்தினை நாள் பின்தொடர்ந்தீங்களோ அதெல்லாத்தையும் கூட்டுங்கோ. மொத்தம் 200 கூடு-நாள், அதில 3 கூடு அழிஞ்சது எண்டா ஒரு நாளைக்கு அழியிற வாய்ப்பு 3/200, 0.015. தப்புற வாய்ப்பு 0.985. முட்டையில இருந்து பறக்கிற வரைக்கும் 70 நாள் எண்டா 0.985ஐ 70 தரம் பெருக்குங்கோ, போன் கல்குலேட்டர்ல வரும், கிட்டத்தட்ட 0.35. அதாவது மூண்டில ஒண்டுதான் தப்பும். வெற்றிபெற்ற கூட்டை மட்டும் எண்ணிப் போட்ட கணக்கு இதை விடக் கூடத்தான் காட்டும். கூடு எண்டைக்கு அழிஞ்சது எண்டு கிட்டத்தட்டத் தெரிஞ்சாத்தான் இந்தக் கணக்கு வரும், அதுக்குத்தான் "ஒண்டும் தெரியேல்லை" நாளையும் எழுதச் சொன்னது. ரெண்டு மூண்டு கூட்டை வைச்சு இதைப் போடாதைங்கோ, நாலைஞ்சு பேர் சேர்ந்து கூடுகளைப் பிரிச்சுப் பார்த்து கடைசியில எல்லாத்தையும் ஒண்டாக்குங்கோ.

9. ஏதாவது நடந்தா

குஞ்சு கீழ கிடந்தா முதல்ல பாருங்கோ, இறகு முழுசா வந்து குதிச்சுத் திரியுதெண்டா அது பறக்கப் பழகுது, நாயையும் ஆக்களையும் தள்ளி வையுங்கோ, தாய் வரும். காயம் எண்டா, இல்லாட்டி இறகு வராத குஞ்சு எண்டா வனஜீவராசிகள் திணைக்களத்தின்ட 1992க்கு எடுங்கோ. அவை வரும்வரை ஓட்டை போட்ட கார்ட்போர்ட் பெட்டிக்குள்ள இருட்டா வையுங்கோ, பால் சோறு ஒண்டும் ஊட்டாதைங்கோ, வீட்டில வளர்க்கிற யோசனை வேண்டவே வேண்டாம், அது சட்டப் பிரச்சினையும்தான்.

மரம் வெட்ட வந்தா? 2023 ஒக்டோபரில கொள்ளுப்பிட்டியில பஸ்ஸுக்கு மேல மரம் விழுந்து ஆக்கள் செத்ததுக்குப் பிறகு பழைய மரம் எண்டா எல்லாருக்கும் பயம், அது நியாயமான பயம். அதால "வெட்டாதைங்கோ" எண்டு கத்துறதை விட "குஞ்சு பறக்க இன்னும் மூண்டு கிழமை, அதுக்குப் பிறகு வெட்டேலுமா, இல்லாட்டி அந்தக் கிளையை மட்டும் விடேலுமா" எண்டு கேளுங்கோ. மாநகர சபைக்கும் கரண்ட் ஒஃபிஸுக்கும் திகதியோட எழுதிக் குடுங்கோ, உங்கட நோட்டில இருக்கிற பொரிச்ச திகதி இங்கதான் கை குடுக்கும். மரம் உண்மையிலயே சாய்ஞ்சு நிக்குதெண்டா ஆக்களின்ட உயிர்தான் முதல், அதில நான் வாதாட மாட்டன்.

10. சீசன் முடிஞ்ச பிறகு

குஞ்சு போன கூட்டைப் பிரிச்சு எடுக்காதைங்கோ, படம் எடுக்க ஏறவும் வேண்டாம். மே மாசம் தென்மேல் பருவக்காத்து தொடங்கினா சில கூடு தானா விழும், நவம்பர்ல ஒருக்கா சுத்திப் பார்த்து எது மிஞ்சியிருக்கு எண்டு குறிச்சு வையுங்கோ. நோட்டை ஸ்கான் பண்ணி சங்கத்துக்கு ஒரு கொப்பி குடுங்கோ. தொடர்மாடிகள்ல கமிட்டி வருஷக் கூட்டத்தோட மாறும், போன வருஷ அனுமதி இந்த வருஷம் செல்லாது எண்டு சொல்லுவினம், அதால ஒக்டோபர்லயே புது லெட்டர் ஒண்டு அடிச்சு சீல் போட்ட பழைய கொப்பியையும் அதோட பின் பண்ணிக் குடுங்கோ. கூடவே போன சீசன் குஞ்சின்ட நல்ல படம் ஒண்டை பிரிண்ட் எடுத்து வையுங்கோ, செக்யூரிட்டி அறைக்கு ஒண்டு, செக்கிரட்டரிக்கு ஒண்டு.